எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய்?

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஐகான் ஏ5 ஓட்டுவேன், அவ்வளவுதான். இரண்டே இருக்கை, ஒரே எஞ்சின். தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். அமெரிக்காவில் ஜூலை கடைசியில் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கு இந்த மாதிரி விமானங்கள் வரும்போது, பக்கத்து வின்னபேகோ ஏரியிலேயே இறங்கிக்கொள்ளும். நமக்கு இருப்பது பெங்களூர் யெலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா. சரி, அங்கேயே போவோம் என்று ஒருநாள் கிளம்பினேன். வழித்துணைக்குப் பாலாறு.

பாலாறு நந்தி மலையில் பிறக்கிறது. யெலஹங்கா அந்த மலைக்குத் தெற்கே, கொஞ்ச தூரம்தான். ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 தமிழ்நாட்டில். வயலூர் முகத்துவாரத்தில் ஏறி, ஆற்றை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டே போனால் போதும். (கல்பாக்கம் பக்கத்தில் நிஜத்தில் இப்படிப் பறக்க விடமாட்டார்கள். சிமுலேட்டரில் யார் கேட்கிறார்கள்?)

ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு ஒரு பழக்கத்தை ஏற்றிவிடுவார்கள். இந்த நிமிஷம் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய்? கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரிலும் இறங்கத் தெரிந்த விமானத்துக்குப் பதில்கள் இரண்டு மடங்கு. ஆனால் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் என்று கீழே பார்த்துக்கொண்டே போனால் ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. அள்ளியது போக மிஞ்சிய மணல், சீமைக்கருவேலம்.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டில் ஓர் 'அறியாமைத் திரை' வரும். சமூகத்தில் நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாத நிலையில் அதன் விதிகளை எழுது என்கிறார். முதலாளியா, தோல் ஊறவைக்கும் கூலியா, கிணறு உப்பான விவசாயியா, தெரியாது. அப்போதுதான் விதி நியாயமாக வரும். பைலட்டின் கேள்வியும் இதன் எளிய வடிவம்தான் என்று முதலில் நினைத்தேன். எந்த இடத்திலும் இறங்க நேரலாம் என்று நினைப்பவன் எந்த இடத்தையும் பாழாக விடமாட்டான் இல்லையா?

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது: இரண்டும் தீர்ப்பிலேயே இருக்கின்றன. 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்', 'முன்னெச்சரிக்கை' ஆகிய கோட்பாடுகள் நம் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியானது. முன்னெச்சரிக்கை என்றால் வேறென்ன? எஞ்சின் நிற்பதற்கு முன்பே இறங்கும் இடத்தை யோசிப்பது.

இதில் வில்லனைத் தேடுவது சுலபம். ஆனால் ஆம்பூரில் தோல் என்றால் சோறு. அந்தச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் ஷூவும் தோல்தான். ஷூ ஊர் ஊராகப் போய்விடுகிறது, கப்பலேறியும் போகிறது; உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. போட்டுக்கொண்டு நடப்பவர் ஒருநாளும் பாலாற்றில் இறங்க வேண்டியதில்லை. அவருடைய எஞ்சின் நிற்பதே இல்லை.

இங்கேதான் என் ஒப்புமை உடைகிறது. மேலிருந்து பார்க்கும் பைலட்டுக்கு வயல் என்பது ஒரு ஓடுதளம், சமமாக இருந்தால் போதும். அந்த மண் விளையுமா, கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா என்பதெல்லாம் அவனுக்குத் தேவையில்லாத கேள்விகள். 'அங்கே நானாக இருந்தால்' என்று கற்பனை செய்வது நல்லதுதான். ஆனால் அங்கே ஏற்கனவே ஆள் இருக்கிறார். வழக்குப் போட்டவர்கள் எந்தத் திரைக்குப் பின்னாலும் நின்று யோசிக்கவில்லை. கீழே, அந்தத் தண்ணீரோடு இருந்தார்கள். நியாயத்துக்கு என் கற்பனையைவிட அவர்களுடைய புகார்தான் முதலில் தேவைப்பட்டது.

ஆம்பூருக்கு மேலே, சோதித்துப் பார்க்க எஞ்சினை நிறுத்தினேன். மணலில் மோதியதும் திரை கறுத்தது. மறுபடி தொடங்கவா என்று கேட்டது. தொடங்கினேன். வயலூர், கடல், நிறையத் தண்ணீர்.