எவர் குஞ்சு?

கொச்சி நகரின் கலூரிலாயினும் தமிழகத்துத் தோப்புகளிலாயினும் குயில் தனக்கெனக் கூடு கட்டுவதில்லை; காக்கையின் கூட்டிலேயே முட்டையிடுகிறது. அம்முட்டை 12 முதல் 14 நாட்களில் பொரிந்துவிடும். காக்கையின் முட்டைக்கோ மேலும் சில நாட்கள் வேண்டும். முந்திப் பிறந்த குஞ்சு இரையை முந்திப் பெறுகிறது. வடமொழி குயிலைப் 'பரபிருதம்', அதாவது பிறரால் வளர்க்கப்பட்டது, என்றே அழைக்கிறது.

இவ்வாறு ஊட்டுவது அறமாகுமா? குயிலைக் கண்டால் துரத்தும் அதே காக்கை, தன்னுடையது என்று எண்ணுவதால் மட்டுமே அதன் குஞ்சைப் பேணுகிறது. அது இயற்கையின் உந்துதல். அதில் பழியுமில்லை, புகழுமில்லை.

மகாபாரதத்தில் கண்வ முனிவர், காட்டில் பறவைகள் சூழ்ந்து காத்த பெண்மகவைக் கண்டார். தம் மகவன்று என்று அறிந்தே எடுத்து வளர்த்தார். சகுந்தலை எனப் பெயரிட்டார்.

'என்னுடையது' என்பதனால் சுரக்கும் அன்பு காக்கைக்கும் உண்டு. 'என்னுடையதன்று' என்று தெரிந்த பின்னும் வற்றாத அன்பே மனிதனுக்குரிய அறம்.