திறமையால் வென்ற பணம்

2003-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் சீட்டாட்டப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் முதற்பரிசு பெற்றார். ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர். இணையத்தில் சிறுதொகை கட்டி ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள அப்போட்டிக்குத் தகுதி பெற்றவர். ஆடியவர்கள் 839 பேர். அவருக்குக் கிடைத்தது 25 லட்சம் டாலர். 2006-இல் அதே போட்டியில் ஆடியவர்கள் 8,773 பேர்! 'அவரால் முடிந்தது என்னாலும் முடியும்' என்ற எண்ணத்துக்கு அத்தனை வலிமை.

அந்த எண்ணம் மும்பைக்கும் எட்டாமல் இல்லை. செம்பூரிலிருந்து மின்சார ரயிலில் அலுவலகம் செல்லும் இளைஞர் ஒருவர், விடுமுறை நாட்களில் கோவாவின் சூதாட்டக் கப்பல்களில் போக்கர் போட்டிகளில் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மூடர் அல்லர். நிகழ்தகவைக் கணக்கிடுகிறார், கோபத்தில் பந்தயத்தை உயர்த்துவதில்லை. 'விளைவு என் கையில் இல்லை, தவறின்றி ஆடுவதே என் வேலை' என்கிறார். கேட்பவருக்கு இது கீதை கூறும் கர்மயோகம் போலவே தோன்றும்.

ஆனால், ஓர் ஆட்டத்தின் தோல்வியை அவர் பொறுத்துக்கொள்வது, நூறு ஆட்டங்களின் முடிவில் லாபம் நிற்கும் என்பதற்காக. பலனை அவர் துறக்கவில்லை. சற்றுத் தள்ளி வைத்திருக்கிறார். வட்டிக்கடைக்காரரும் அப்படித்தான் பொறுமை காக்கிறார்.

திறமையா, அதிர்ஷ்டமா என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலம் கேட்டுவந்த கேள்வி. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் கூறியது; 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அவ்வாறே கருதியது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அந்த வேறுபாட்டையே பாராமல், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்தது. அறத்தை ஆராய்பவருக்கும் அவ்வேறுபாடு அதிகம் உதவாது. சகுனியிடம் இருந்ததும் ஒருவகைத் திறமைதானே! வள்ளுவரும் 'சூது' அதிகாரத்தில் தோல்வியோடு வெற்றியையும் சேர்த்தே விலக்குகிறார்.

தாராவியில் ஒருவர் தோற்பை தைத்துக் கூலி பெறும்போது உலகில் ஒரு பை கூடுகிறது. மாதுங்காவில் ஒருவர் இட்லி விற்றால் மற்றொருவரின் பசி தீர்கிறது. போக்கர் மேசையில் புதிதாக எதுவும் விளைவதில்லை. மணிமேக்கர் பெற்ற தொகை 250 பேருடைய முழு நுழைவுக் கட்டணத்துக்குச் சமம்.

எல்லோரும் விரும்பித்தானே கொடுத்தார்கள் என்பர். உண்மையே. எனினும் இவ்வாட்டத்தில் தொடர்ந்து லாபம் காண வேண்டுமானால், தம்மினும் திறமை குறைந்தோர் மேசையில் அமர்ந்தாக வேண்டும். மல்யுத்த வீரர் தம்மினும் வல்லவரைத் தேடிச் செல்வார். இசை பயில்பவர் தம்மினும் தேர்ந்தவர் அருகில் அமர விரும்புவார். பணத்துக்காகச் சீட்டாடுபவர் பிறர் அறியாமை நீடிப்பதை விரும்பியாக வேண்டியிருக்கிறது.

செம்பூர் இளைஞருக்கு எதிரே புதியவர் ஒருவர் வந்து அமர்கிறார். இழந்ததை மீட்கும் பதற்றத்தில் மேலும் மேலும் பணத்தை முன்னே தள்ளுகிறார். அவர் செய்யும் பிழை இன்னதென்று அந்த மேசையில் இளைஞரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 'எழுந்து வீட்டுக்குப் போங்கள்' என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும்.