மார்க் போட்ட பாவம்

நீதிபதி நாற்காலியில் உட்காரும் ஆசை எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம். கோலப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஒரு தடவை குழந்தைகள் மாறுவேடப் போட்டி (எட்டு பாரதியார், ஐந்து காந்தி, ஒரு தக்காளி) என்று நடுவராகப் போய், பொன்னாடையோடு திரும்பியிருக்கிறேன். ஆனால், சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து இணையதள வடிவமைப்புப் போட்டிக்குக் கூப்பிட்டபோது யோசித்தேன். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே டிசைன், பேரேட்டில் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.

“டெக்னிக்கலா பார்க்க வேற ரெண்டு பேர் இருக்காங்க சார். நீங்க சாதாரண ஜனங்க சார்பா உட்காருங்க” என்றார் பேராசிரியர். சாதாரண ஜனம் என்ற தகுதி என்னிடம் ஏராளமாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

ஏ.சி. அரங்கம். சுவர் அகலத்துக்கு வெள்ளித்திரை. கையில் ஒரு மார்க் ஷீட். வடிவமைப்புக்கு 40 சதவிகிதம், பயன்படுத்தும் எளிமைக்கு 30, புதுமைக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. “நாங்களா போட்டது இல்ல சார். இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு” என்றார்கள். பொய்யில்லை. 2009-ல் தொடங்கிய ‘அவ்வ்வார்ட்ஸ்’ (பெயரிலேயே மூன்று டபிள்யூ வரவேண்டும் என்பதால் இந்த அவ்வ்வ்) என்கிற உலகப் பிரசித்தமான இணையதள விருதுக்கு இதே விகிதம்தான்.

பத்துப் பதினைந்து தளங்கள் காட்டினார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின.

முதலாவது, மலைப்பிரதேசச் சுற்றுலா பற்றியது. நான்கு பையன்கள் செய்தது. திறந்தால் மேகம் விலகுகிறது. விரலால் தள்ளத் தள்ளச் சூரியன் எழும்புகிறது, தேயிலை உதிர்கிறது, எங்கோ ஒரு குருவி கத்துகிறது. அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

இரண்டாவது, ஒரே ஒரு பெண் செய்தது. அவள் ஊர்ப் பக்கம் ஓடும் மினி பஸ்களின் நேரம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஊர்ப் பெயரைத் தொட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கொட்டை எழுத்தில் வரும். அவ்வளவுதான். படம் கிடையாது, குருவி கிடையாது. யாரும் கைதட்டவில்லை.

ஒவ்வொரு தலைப்புக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டு, சதவிகிதப்படி பெருக்கிக் கூட்ட வேண்டும். மலைக்கு நான் போட்டது: வடிவமைப்பு 9, எளிமை 5, புதுமை 9, உள்ளடக்கம் 4. மினி பஸ்ஸுக்கு: 5, 9, 4, 9. மலை 7.3. மினி பஸ் 6.4. மற்ற இரண்டு நடுவர்களும் ஏறக்குறைய அப்படியே போட்டிருந்தார்கள். மலைக்கு முதல் பரிசு. போட்டோ, பொன்னாடை, போண்டா.

படி இறங்கும்போது அந்தப் பெண் வந்தாள்.

“சார், எதுல மார்க் குறைஞ்சதுன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“டிசைன்ல கொஞ்சம் கவனம் செலுத்தியிருக்கலாம்மா. கொஞ்சம் கலர், ரெண்டு படம்...”

“எங்கம்மாவுக்காகப் பண்ணது சார். பூ விக்கிறாங்க. கண்ணு கொஞ்சம் மங்கல். மினி பஸ்ஸை விட்டா நாலு கிலோமீட்டர் நடக்கணும். ‘படம் கிடம் வேணாம், நேரம் மட்டும் பெருசா தெரியட்டும்’னாங்க.” சொல்லிவிட்டு, “தேங்க்யூ சார்” என்று போய்விட்டாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

* * *

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பி.காம். படித்தவன் தூக்கம் வராவிட்டால் கணக்குப் போடுவான். போட்டேன்.

புள்ளியியல் பாடத்தில் குறியீட்டெண் என்று ஒரு சமாசாரம் வரும். அரிசிக்கு எவ்வளவு எடை, பட்டுப்புடவைக்கு எவ்வளவு எடை என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அப்புறம்தான் விலைவாசி ஏறியதா, இறங்கியதா என்று பார்க்க வேண்டும். புடவைக்கு எடையைக் கூட்டி, அரிசிக்குக் குறைத்தால், அரிசி விலை எகிறிய வருஷத்தில்கூட விலைவாசி இறங்கியதாகக் காட்டிவிடலாம்.

அதையே இங்கே செய்து பார்த்தேன். நான் போட்ட மார்க்கில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சதவிகிதத்தை மட்டும் மாற்றினேன். உள்ளடக்கத்துக்கு 40, எளிமைக்கு 30, வடிவமைப்புக்கு 20, புதுமைக்கு 10. இப்போது மலை 5.8. மினி பஸ் 7.7.

யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சிபாரிசுக்கு மசியவில்லை, ஆனால் முதல் பரிசு கை மாறிவிட்டது! ஆக, அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னது நாங்கள் மூன்று பேர் அல்ல. மார்க் ஷீட் அச்சடித்த அன்றே தீர்ப்பும் அச்சாகிவிட்டது. நடுவர் நேர்மையானவரா என்று விசாரிக்கிறோம். படிக்கல்லை யார் செய்தார் என்று விசாரிப்பதில்லை.

இதில் இன்னொரு கூத்து, எல்லா ஊரிலும் படிக்கல் ஒன்றல்ல. 1990-களிலிருந்து அமெரிக்காவில் ‘வெப்பி’ என்று ஒரு விருது தருகிறார்கள். (ஜெயித்தவர் மேடையில் ஐந்தே வார்த்தைதான் பேசலாம். நம் ஊர் மேடைகளுக்கு அவசரமாக இறக்குமதி செய்ய வேண்டிய விதி.) அவர்கள் பட்டியலில் முதலில் நிற்பது உள்ளடக்கம். கூடவே, பொதுமக்கள் ஓட்டுப் போட்டுத் தருகிற விருது தனி. நடுவர் ரசனையும் ஜனங்கள் ரசனையும் வேறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட நாணயம் அது. ஆனால், ஓட்டிலும் ஆபத்து உண்டு. சிநேகிதர் கூட்டம் பெரிதாக உள்ளவர் ஜெயித்துவிடலாம்.

2000-ம் வருஷம் மே மாதம், ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. லண்டனிலிருந்து இயங்கிய ‘பூ டாட் காம்’ என்கிற துணிக்கடைத் தளம் இழுத்து மூடப்பட்டது. சட்டையைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். ‘மிஸ் பூ’ என்று ஒரு பொம்மைப் பெண் கூடவே வந்து ஆலோசனை சொல்வாள். எல்லாம் பிரமாதம். அன்றைய டயல்-அப் இணைப்பில் பக்கம் திறப்பதற்குள் சட்டை வாங்கும் ஆசையே போய்விடும். சுமார் 13.5 கோடி டாலர் முதலீடு, கடை திறந்து ஆறே மாதத்தில் ஸ்வாஹா. அதே மே மாதம் வெப்பி விருது மேடையில் தொழில்நுட்பச் சாதனைக்கான விருதையும் மக்கள் விருதையும் வாங்கிக்கொண்டு இறங்கியது, வெள்ளைக் காகிதத்தில் ஒரு பெயரும் ஒரு பெட்டியும் மட்டும் வைத்திருந்த ஒரு தளம். பெயர் கூகுள்.

* * *

“அப்போ அழகே வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். வாழையிலையில் எதை எந்த மூலையில் வைப்பது என்று முறை வைத்திருக்கிற நாம் அழகு வேண்டாம் என்று சொன்னால் நன்றாயிருக்காது. என் தப்பு வேறு இடத்தில் இருந்தது. மார்க் ஷீட்டைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

யோசித்துப் பாருங்கள். மங்கலான கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியை வெள்ளையாக்கி, படத்தை எடுத்துவிட்டாளே, அதுதானே வடிவமைப்பு? அதற்குத்தான் நான் ஐந்து போட்டேன். வடிவமைப்பு என்ற சொல்லை அலங்காரம் என்று படித்தது யார் செய்த தப்பு? விகிதத்தை அச்சடித்தவரா என் கையைப் பிடித்து எழுதினார்?

இந்தத் தப்பைப் பெரிய பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸ். அதன் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். படங்களுக்கு எழுத்தில் விளக்கம் இல்லை, போட்டிகளின் பட்டியலுக்குப் போக வழியில்லை, முடிவுகள் அட்டவணை புரியவில்லை. சரிசெய்ய லட்சக்கணக்கில் டாலர் செலவாகும் என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். ஆணையம் ஏற்கவில்லை. முழுதாகச் சரிசெய்யாததால் கடைசியில் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு.

நிலைமை மாறிவிட்டதா? அமெரிக்காவின் ‘வெப்எய்ம்’ என்ற அமைப்பு 2024-ல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தது. 95.9 சதவிகிதத்தில், குறை உள்ளவர்கள் தடுக்கி விழும்படி ஏதாவது ஒரு கோளாறு. அதிகம் தென்பட்ட கோளாறு எது தெரியுமா? பின்னணியோடு கலந்து மங்கிப்போகும் எழுத்து. சாம்பல் நிறத் தாளில் சாம்பல் நிற எழுத்து. டிசைனர் கண்ணுக்கு நாசூக்கு. பூக்காரம்மா கண்ணுக்கு வெறும் புகை.

ஆடிட்டர்கள் ஒரு காரியம் செய்வார்கள். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சான்றிதழ் தரமாட்டார்கள். நாலு வவுச்சரை உருவிப் பார்ப்பார்கள். சரக்கு இருக்கிறதென்று ஏட்டில் எழுதியிருந்தால், கோடவுனுக்குப் போய் மூட்டையை எண்ணிவிட்டு வருவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்களுக்குத் தொழில் தர்மம்.

நான் கோடவுனுக்குப் போகவில்லை. அதுதான் பாவம். இணையதளத்தின் கோடவுன் ஏ.சி. அரங்கம் இல்லை; வெயிலில் நிற்கிற பஸ் ஸ்டாப். அங்கே திரை சுவர் அகலம் இருக்காது, உள்ளங்கை அகலம். கண்ணாடியில் கீறல், சிக்னல் ஒரு கோடு, பேட்டரி பத்து சதவிகிதம். ‘சாதாரண ஜனங்க சார்பா உட்காருங்க’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நானோ உட்கார்ந்த மாத்திரத்தில் நடுவனாகிவிட்டேன். யாருக்காகப் போனேனோ அந்த ஆள் அறையில் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

எந்தத் தேர்வுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நல்ல வாத்தியார் யார் என்று இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பார்க்கிறோம். நல்ல ஆஸ்பத்திரி எது என்று வரவேற்பறைச் சோபாவில் பார்க்கிறோம். தரம் என்பது, மார்க் போடுகிறவர் எழுந்து போனபின் நடக்கிற விஷயம். முழுதாக அளக்க முடியாது. அளக்க முடியாது என்பதற்காக, கண்ணில் பட்டதற்கு மட்டும் மார்க் போட்டுவிட்டு அதற்குத் தரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

2000-களில் ‘ஃபிளாஷ்’ என்ற மென்பொருளில் துள்ளி விளையாடிய தளங்கள் விருதுகளை அள்ளின. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு முடிந்தது. இன்றைக்கு அவற்றைச் சாதாரணமாகத் திறக்க முடியாது. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. தளம்தான் இல்லை.

அடுத்த வருஷம் அதே கல்லூரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். வருகிறேன், ஒரு நிபந்தனை என்றேன். புரொஜெக்டரை அணைத்துவிட வேண்டும். வாட்ச்மேன், கேன்டீன் அக்கா, வாசலில் பூ விற்கிற அம்மா மூன்று பேரையும் கூப்பிட்டு, அவரவர் போனில் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நாங்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்து மார்க் போடுகிறோம்.

“கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம் சார்” என்றார் பேராசிரியர்.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.