எந்த நாற்றைப் பிடுங்குவது?

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளியின் விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்தது பலருக்கும் நினைவிருக்கும். சென்னையில் நியாயவிலைக் கடைகளின் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. அந்நாள்களில் எங்கள் இல்லத்தில் புளியாணத்திற்குக்கூடத் தக்காளி எண்ணிப் போடப்பட்டது. "மொட்டைமாடியில் நாலு செடி வைத்தால் என்ன?" என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி எளியதுதான். ஆனால், அதற்கு விடை தேடப் புறப்பட்ட நான், தக்காளியைப் பற்றி மட்டுமன்றி, முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் ஆசிரியப் பணியைப் பற்றியும் சில உண்மைகளைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அவற்றுள் ஒன்று இனிமையானதன்று. ஆயினும் அதை எழுதாமல் விடுவது முறையன்று என்று தோன்றுகிறது.

விதைக் கடையில் நான் முதலில் கேட்டது, "இருப்பதிலேயே சிறந்த ரகம் எது?" என்பதே. கடைக்காரர் விடை கூறவில்லை. "எதற்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கிற்று. சந்தையில் பெங்களூர்த் தக்காளி என்று வழங்கும் வகை கெட்டித் தோலும் மிகுந்த சதைப்பற்றும் உடையது. லாரியில் நெடுந்தூரம் போனாலும் நசுங்காது. சில நாள் வைத்திருந்தாலும் கெடாது. நாட்டுத் தக்காளியோ தட்டையாய் உருண்டிருக்கும். சாறும் புளிப்பும் மிகுந்தது. ஆணத்திற்கு உயிர் கொடுப்பது. ஆனால் பழுத்த பின் காத்திருக்காது. இவ்விரண்டில் எது சிறந்தது? வணிகர் ஒரு விடை தருவார். அடுப்பின் முன் நிற்பவர் வேறொரு விடை தருவார். இருவர் கூற்றும் உண்மையே. செடியிலும் இரு வகை உண்டு. ஒன்று ஓர் உயரத்திற்கு வந்ததும் நுனியில் பூத்து, வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தொட்டிக்கு அது வசதி. மற்றொன்று கொடிபோல் நீண்டுகொண்டே போய், நெடுநாள் காய்க்கும். அதற்குக் கம்பும் கயிறும் இடமும் வேண்டும்.

ஒட்டு வீரிய ரகங்களின் கதையும் இதுவே. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'அர்கா ரக்ஷக்' என்னும் ரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்க வல்லது. நோய்க்கு அஞ்சும் உழவருக்கு அது பெரும் பேறு. ஆனால், அதன் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்தால், பிள்ளைகள் தாயைப் போல் இரா. ஒன்று ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் வளரும். ஆண்டுதோறும் புது விதை வாங்க இயன்றவருக்கு அது குறையன்று. விதையைக் காத்து அடுத்த ஆண்டிற்கும் அண்டை வீட்டிற்கும் கொடுக்க விரும்புவோருக்கு அது பொருந்தாது.

ஆக, 'சிறந்தது' என்பது தனித்து நிற்கும் சொல்லன்று. 'எதற்கு', 'யாருக்கு', 'எந்த மண்ணில்' என்னும் மூன்று துணைகள் இன்றி அதற்குப் பொருளே இல்லை. நிய்யத்தை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள் என்று மாணவர்க்கு நாள்தோறும் சொல்லிவரும் நான், விதைக் கடையில் நிய்யத் இன்றியே நின்றிருக்கிறேன்!

இறுதியில் நான் வாங்கியது பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட 'பி.கே.எம். 1' என்னும் ரகம். இதன் பிறப்பு சுவையானது. தேனிப் பக்கத்தின் உள்ளூர் ரகமான அண்ணஞ்சித் தக்காளியில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, அவ்வாறு மாறி நின்றதிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கியதே இது. இனத்திலிருந்து விலகி நின்ற ஒன்றைக் களை என்று எறிந்திருந்தால் இந்த ரகமே இல்லை. இதன் காய்க்குக் காம்பை ஒட்டிய தோள்பகுதி மட்டும் கரும்பச்சையாய் இருக்கும்.

அந்தப் பச்சைத் தோளைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மேல்நாட்டு இனப்பெருக்க வல்லுநர்கள், காய் முழுவதும் ஒரே நிறமாய் இருந்து ஒரே சீராய்ப் பழுக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். எப்போது பறிக்கலாம் என்று அறிய அது எளிது. கடையில் அடுக்கினால் அழகு. 2012இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று, அந்தச் சீர்மையின் விலையைக் கண்டு சொன்னது. பச்சைத் தோளை அகற்றிய அதே மரபணு மாற்றம், காயில் பசுங்கணிகங்களைக் குறைத்து, அதனால் பழத்தின் இனிப்பையும் குறைத்துவிட்டதாம். எவரும் சுவையைக் கெடுக்க எண்ணவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மற்றொன்று கைநழுவிப் போயிற்று. தேர்ந்தெடுப்பவன் எதைப் பெறுகிறான் என்பது அவனுக்குத் தெரியும். எதை இழக்கிறான் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

இனி, விதைப்புக்கு வருவோம். குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவையும் நன்கு மட்கிய எருவையும் கலந்து நிரப்பினோம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு மூடினால் போதும்; ஆழம் மிகுந்தால் முளை மேலே வரத் திணறும். விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை விதையில் கலந்துகொள்வது, நாற்றழுகல் நோயைத் தடுக்கும். நீர் மிகுந்தாலும் அந்நோய் வரும். ஆதலால் பூவாளியால் தூவ வேண்டுமே தவிர ஊற்றலாகாது. ஒன்று முளைக்காவிட்டாலும் மற்றொன்று முளைக்கும் என்று குழிக்கு இரண்டு விதை இட்டோம். ஏழாம் நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, முதுகை வளைத்துக்கொண்டு முளைகள் எழுந்து நின்றன. பெரும்பாலான குழிகளில் இரண்டுமே முளைத்துவிட்டன.

இரண்டில் ஒன்றைக் களைய வேண்டும். இல்லையேல், ஒன்றன் உணவை மற்றொன்று பறித்து இரண்டும் மெலியும். கத்தரிக்கோலுடன் வந்த என் இளைய மகள், "எதை வெட்டுவது வாப்பா?" என்று கேட்டாள். "மெலிந்ததை" என்றேன், சிறிதும் தயங்காமல்.

தட்டின் ஒரு பக்கத்து நாற்றுகள் எல்லாம் குட்டையாய்த் தடித்து நின்றன. மறு பக்கத்தவை நூல்போல் நீண்டு, சாய்ந்து கிடந்தன. அந்தப் பக்கம் முழுவதையும் கழித்துவிடலாம் என்றே எண்ணினேன். அப்போது மாடிக்கு வந்த அண்டை வீட்டுப் பெரியவர், உழவில் பழுத்தவர், தட்டைப் பார்த்துவிட்டு, "தட்டை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றார். காக்கைக்கும் அணிலுக்கும் பயந்து நடைக்கூடத்துச் சன்னலோரம் வைத்திருந்ததைச் சொன்னேன். "சன்னல் பக்கம் இருந்தது தடித்தது, சுவர்ப் பக்கம் இருந்தது வெளிச்சத்தைத் தேடி நீண்டது. விதை எல்லாம் ஒரே விதைதான்" என்றார். பிறகு, "குழிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நெட்டையானதை மேலிலை மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாக நட்டுவிடுங்கள். மண்ணுக்குள் போன தண்டெல்லாம் வேர்விடும்" என்றும் சொன்னார். அது தக்காளிக்கு இறைவன் கொடுத்த தனித்தன்மை. எல்லாச் செடிக்கும் அது வாய்ப்பதில்லை.

நான் அமைதியாகிவிட்டேன். என் நினைவு தக்காளியில் இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் உண்டு. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் பாடம் நிற்பதில்லை. காலை வகுப்பில் தூங்கி வழிவார். ஒரு நாள் அவருடைய தந்தையை அழைத்து, "இவனுக்குக் கல்வி ஏறாது. வீணாக நாளைக் கழிக்காமல் தொழிலில் போடுங்கள்" என்றேன். அது நன்மை என்றே நம்பினேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியன் நான். நிற்கக்கூடிய நாற்றுக்கு இடம் வேண்டாமா?

2022இல் பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். ஸலாம் சொல்லி, என் கைப்பையை வாங்கிக்கொண்டு, அருகிலிருந்த தம் கடைக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தார். பழைய நாள்களைச் சிரித்துச் சிரித்துப் பேசினார். "அப்போதெல்லாம் இரவு பன்னிரண்டு மணிவரை வாப்பாவோடு புரோட்டாக் கடையில் மாவு பிசைந்துவிட்டு வருவேன் ஹஜ்ரத். நீங்கள் பாடம் சொல்லும்போது கண் சொக்கும்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அன்றைக்கு நீங்கள் சொன்னது சரிதான். எனக்குப் படிப்புக்கான தலை இல்லை" என்று கூறி, எனக்கு நன்றியும் சொன்னார்.

தம் தூக்கத்தின் காரணத்தை அவர் அறிந்திருந்தார். ஆயினும் பழியைத் தம் தலையின் மீதே போட்டுக்கொண்டிருந்தார். அவ்வாறு போடக் கற்றுக்கொடுத்தவன் நான். "இரவில் என்ன செய்கிறாய்?" என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பேருந்து வந்தது, அன்றும் ஒன்றும் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

அவ்வாறாயின், தேர்வே கூடாதா என்று வாசகர் கேட்கலாம். கூடாது என்பது என் கருத்தன்று. குழியில் இரண்டு நின்றால் ஒன்றைக் கழிக்கத்தான் வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் கண்ட செடியை இரக்கப்பட்டு விட்டுவைத்தால், தோட்டமே பாழாகும். எல்லாருக்கும் எல்லாக் கல்வியும் வரும் என்று சொல்வதும் பொய்யே. எங்கள் மாடியிலும், ஆழ நட்ட பதினொரு நெட்டை நாற்றுகளில் நான்கு பட்டுப்போயின, ஏழு நிலைத்தன.

மேலும், நாற்றும் குழந்தையும் ஒன்றல்ல. நாற்று எனக்காக வளர்க்கப்படுவது. அதன் பயனை நான் வரையறுக்கலாம். குழந்தை என் பயனுக்காகப் பிறந்ததன்று. அது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானத். தோட்டக்காரன் கத்தரிக்கலாம் என்பதனால் ஆசிரியனும் கத்தரிக்கலாம் என்று ஆகாது. ஆனால், கத்தரிக்கும் உரிமை உள்ள தோட்டக்காரனே, "தட்டு எங்கே இருந்தது?" என்று முதலில் கேட்கிறான் என்றால், அவ்வுரிமை இல்லாத நாம் எத்தனை முறை கேட்டிருக்க வேண்டும்! குறை விதையினதா, வைத்த இடத்தினதா என்று ஆராயும் முன் தீர்ப்பு வழங்குவது தேர்வன்று. அது தன் பிழையைப் பிறர் மேல் எழுதி வைப்பதாகும்.

தக்காளியே ஒரு காலத்தில் இத்தகைய தீர்ப்புக்கு ஆளானதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தபோது, நச்சுச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதனால் பலர் அதை உண்ண அஞ்சி, அழகுக்காகவே வளர்த்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெரும் வேளாண்மை நூலில் தக்காளி இல்லை. அக்காலத்தில் அவ்வுலகம் அதை அறியாது. இன்றோ, தக்காளி இல்லாத அடுப்படியை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

'ஃபிலாஹா' என்றால் வேளாண்மை. 'ஃபல்லாஹ்' என்றால் உழவன். பாங்கோசையில் நாள்தோறும் ஐவேளை நாம் கேட்கும் 'ஃபலாஹ்' என்னும் வெற்றியும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே. அவ்வேருக்குப் பிளத்தல் என்று பொருள். மண்ணைப் பிளந்து வழிவிடுவதே உழவன் வேலை. தானே தழைத்து நிற்பதைச் சுட்டிக்காட்டி 'இது நல்ல நாற்று' என்று சொல்வதற்கு உழவன் எதற்கு?

நிலைத்த செடிகள் மூன்றாம் மாதம் பழுத்தன. விதை எடுப்பதற்கு மட்டமான பழத்தை ஒதுக்குவது மனித இயல்பு. நல்லதை உண்ணவே நா விரும்பும். ஆனால் விதைக்கு வேண்டியது, நோயில்லாத செடியின் நன்கு முற்றிய நல்ல பழமே. அப்படி இரண்டை ஒதுக்கினோம். ஒன்று தடித்த நாற்றின் பழம். மற்றொன்று நெட்டையாய்ச் சாய்ந்து கிடந்ததன் பழம். சாற்றோடு விதையைப் பிழிந்து இரண்டு நாள் புளிக்க வைத்தால், விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு நீங்கும். நல்ல விதை அடியில் தங்கும். கழுவி நிழலில் உலர்த்தியபின், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன். எது எதனுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பறிப்பில் ஒரு பை எடுத்துக்கொண்டு அந்தப் பேருந்து நிலையத்துக் கடைக்குப் போனேன். "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. குறை உங்கள் தலையில் இல்லை; நான் கேட்காமல் விட்டதில் இருந்தது" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தேநீரை ஆற்றி என் முன் வைத்துவிட்டு, "என் மகனும் வகுப்பில் தூங்குகிறானாம், ஹஜ்ரத், ஆசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார்" என்றார்.

"அவன் இரவில் எப்போது படுக்கிறான்?" என்று கேட்டேன்.