வீட்டிலிருந்தே உழைக்கிறவனின் கூலி



சென்ற மாதம் வீடு சந்திக்கப் போனபோது ஒரு தாயார் தம் மனக்கவலையை என்னிடம் சொன்னார்கள். "சுவாமி, என் மகன் இராத்திரி முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், பகலெல்லாம் தூங்குகிறான். பாங்கியில் பணம் வருகிறது. எந்தக் கம்பெனி என்றால், கம்பெனியே இல்லை என்கிறான். பெண் கேட்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். எனக்கு வாய் எழவில்லை" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த மகனே அறைவீட்டுக்கு வந்தான். அவன் குறை வேறு. "சுவாமி, தினம் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறேன். ஆனாலும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அது பாவமா?" என்று கேட்டான்.

இருவருக்கும் நான் சொன்ன மறுமொழியை, அவர்கள் சம்மதத்தின் பேரில், உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இப்படிப் பிழைக்கிற பிள்ளைகள் நம் பங்கில் பெருகி வருகிறார்கள்.

முதலாவது, தாயாருக்கு. அம்மா, உங்கள் மகன் செய்வது உத்தியோகமல்ல, தொழில். தையற்காரர் நாலு வீட்டுத் துணியை வாங்கித் தைக்கிறார். அவருக்கு முதலாளி யார்? ஒருவருமில்லை, வாடிக்கைக்காரர்கள்தான் உண்டு. அதுபோல இவன் ஒரு வியாபாரிக்குக் கணக்கு எழுதுகிறான், வேறொருவருக்குப் படம் வரைகிறான். வாடிக்கைக்காரர் நியூயார்க்கில் இருக்கிறார் என்பதே வித்தியாசம். அங்கே காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஆகையால் அவனுக்கு இராத்திரி பகலாகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அர்ச். சின்னப்பர் கொரிந்து நகருக்கு வந்தபோது ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளின் வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரம் செய்யும் தொழில் பார்த்தார். அவர் போன ஊருக்கெல்லாம் அவருடைய கைத்தொழிலும் கூடவே போயிற்று. ஆனால் ஓய்வு நாள்தோறும் அவர் ஜெபக்கூடத்தில் போதித்தார் என்பதையும் அதே இடத்தில் வாசிக்கிறோம். வாரமெல்லாம் உழைப்பு, ஓய்வு நாள் சர்வேசுரனுக்கு. இவ்விரண்டையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, மகனுக்கு. தம்பி, அதிகம் சம்பாதிக்க ஆசைப்படுவது பாவமன்று. தாயைக் காப்பாற்றவும், தங்கைக்கு நல்ல காரியம் செய்யவும், நாளை உன் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் பணம் வேண்டியதுதான். ஆனால் அதிகப் பணத்துக்கு அதிக மணி உழைப்பது ஒன்றே வழியென்று நினைக்கிறாயே, அதுதான் பிசகு. நாளுக்கு 24 மணிதான். அதற்குமேல் விற்க உன்னிடம் சரக்கு இல்லை. உழைப்பைக் கூட்டாதே; உழைப்பின் விலையைக் கூட்டு.

அவனிடம் காகிதம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். சம்பளக்காரனுக்கு உள்ள பிராவிடண்டு பண்டு இவனுக்கு இல்லை. சம்பளத்தோடு கூடிய லீவும் இல்லை. முதுமைக்கும் நோய்க்கும், வேலை வராத மாதத்துக்கும், மின்சாரத்துக்கும், இயந்திரம் பழுதானால் அதற்கும் சேர்த்து இன்னும் 15,000. ஆகமொத்தம் 45,000. மாதத்தில் கூலி கிடைக்கும் மணி எத்தனை? வேலை தேடுவதும், கடிதம் எழுதுவதும், திருத்திக் கொடுப்பதும் போக 90 மணிதான் என்றான். அப்படியானால் மணிக்கு 500 ரூபாய் கைக்கு வர வேண்டும். ஃபைவர் போன்ற தரகுத் தளம் நூற்றுக்கு 20 கமிஷன் பிடிக்கிறது. எனவே கேட்க வேண்டியது 625. இவன் கேட்டு வந்ததோ 300! வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தன் உழைப்பை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, குறைந்த பணத்தை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையைத் தேடுகிறான்.

இதைப்பற்றித் திருச்சபை மௌனமாயிருக்கவில்லை. 1891-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில், இரு தரப்பாரும் சம்மதித்துவிட்டதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது என்று போதித்தார். சிக்கனமாய் வாழும் உழைப்பாளிக்குக் கூலி போதுமானதாயிருக்க வேண்டும். தேவையினாலோ பயத்தினாலோ அதற்குக் குறைவாக அவன் ஒப்புக்கொண்டால், அவன் பலவந்தத்துக்கு ஆளானவனே என்பது அவர் போதனை. ஆகையால் நியாயமான கூலி கேட்பது பேராசையல்ல, நீதி.

ஆனால் கேட்கிறவனிடம் அதற்குரிய கைத்திறமை இருக்க வேண்டும். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவனுக்கு எவரும் நல்ல விலை தருவதில்லை. ஒரே தொழிலை ஆழமாய்க் கற்றுக்கொள்ளுங்கள். செய்த வேலையின் மாதிரிகளைச் சேர்த்து வையுங்கள். கை தேர்ந்தபின் மணிக்கணக்கை விட்டு, முழு வேலைக்கும் சேர்த்து விலை பேசுங்கள். இல்லாவிட்டால் விரைவாய்ச் செய்கிறவனுக்குத்தான் நஷ்டம். பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு மாதம் முன்பே விலை உயர்வைத் தெரிவியுங்கள். ஒருவரையே நம்பியிராதீர்கள். வருவதில் ஒரு பங்கைத் தபாலாபீசில் பி.பி.எப். கணக்கில் போடுங்கள், வருஷத்துக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 வரை கட்டலாம், 15 வருஷத்தில் முதிரும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வரியில்லை என்று நினையாதீர்கள். செசாருக்குரியதைச் செசாருக்குக் கொடுக்கக் கட்டளையிட்டவர் நம் ஆண்டவரே.

இனி, எவ்வளவு பணம் வந்தாலும் தொடக்கூடாதவை சில உண்டு.

மணிக்கூலி வேலையில், அப்வொர்க் போன்ற தளங்கள் மணிக்கு ஆறு தடவை திரையைப் படம் பிடிக்கின்றன. அதை ஏமாற்ற மௌசைத் தானே ஆட்டும் கருவியை வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. ஏழாம் கற்பனை கம்ப்யூட்டருக்கும் உண்டு. களவு களவுதான்.

அந்நிய தேசத்து மாணவர்களுக்குப் பரீட்சைக் கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல பணம் கிடைக்கும் என்பார்கள். இங்கிலாந்தில் இப்படி எழுதி விற்பதை 2022-ம் வருஷச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அது பொய்யே. நாளைக்கு அந்த மாணவன் வைத்தியனாகி நோயாளியின் கையைப் பிடிப்பான் என்பதை நினையுங்கள்.

மற்றொன்று நம்மவர்களுக்குள்ளேயே நடக்கிறது. ஒருவன் நல்ல விலைக்கு வேலை வாங்கி, அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அற்பக் கூலிக்குக் கொடுத்து, அதையும் மூன்று மாதம் இழுத்தடிக்கிறான். தனக்கு நியாயக் கூலி கேட்கிறவன் பிறருக்கு அதை மறுக்கலாமா? பிடித்து வைத்த கூலி பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று அர்ச். யாகப்பர் எச்சரிக்கிறார்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே வேலை தருகிறோம், முதலில் டிப்பாசிட் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் நம்பாதீர்கள். வேலை தருகிறவன் கூலி கொடுப்பான். பணம் கேட்க மாட்டான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை. கோடையில் நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 9 மணி ஆகும்போது, இங்கே ஞாயிறு காலை 6.30, முதற்பூசைக்கு மணி அடிக்கிறது. அவர்களுக்கு அது சனிக்கிழமை. நமக்கு அது ஆண்டவருடைய நாள் என்று நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, இந்திய நேரப்படி ஞாயிறு எனக்கு வேலை நாளல்ல என்று எழுதிவிடுங்கள். சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் கடன் தீரும். ஆனால் மறுநாள் முழுவதும் வேலையில் புதைந்து கிடக்க அது உத்தரவுச் சீட்டல்ல. தாய்க்கு ஆஸ்பத்திரிச் செலவென்று தவிர்க்க முடியாத அவசியம் வந்தால் திருச்சபை இரக்கமுள்ள தாய். ஆனால் அவசியம் வேறு, வழக்கம் வேறு.

அந்தப் பிள்ளை தன் வாடிக்கைக்காரர் மூவருக்கு விலை உயர்த்தி எழுதினான். ஒருவர் விலகிவிட்டார். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர் பேரம் பேசிப் பாதி தூரம் வந்தார். போனவருடைய இடம் இன்னும் நிரம்பவில்லை. வீட்டில் கொஞ்சம் நெருக்கடிதான். இருந்தாலும் சென்ற ஞாயிறு அவன் தாயாரோடு பூசைக்கு வந்திருந்தான். பூசை முடிந்து வாசலில் நின்ற தாயார், "சுவாமி, இனி யாராவது கேட்டால், மகன் சொந்தத் தொழில் செய்கிறான் என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்கள்.

நாசரேத்தூரில் தச்சுப் பட்டறை நடத்திய அர்ச். சூசையப்பர், வீட்டிலிருந்தே உழைக்கும் உங்கள் எல்லோருக்காகவும் மன்றாடுவாராக. உங்கள் கைகளின் வேலையைச் சர்வேசுரன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு