ஈடு

“ஈடா என்ன குடுப்பீங்க?”

2014இல் ஒரு வங்கி மேலாளர் என் அண்ணனிடம் கேட்டார். ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் பதினாறு வருசம் வேலை பார்த்தவர் அண்ணன். ஆறு தையல் மிஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுக்க 6 லட்சம் கடன் கேட்டுப் போயிருந்தோம். மனுவில் இருந்த காலனிப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே மேலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “ஈடு ஒண்ணும் இல்ல சார், தொழில் தெரியும்” என்றார் அண்ணன். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கடன் மட்டும் கொடுக்கவில்லை.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை தரும் கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே உத்தரவு போட்டிருந்தது. எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது. கேட்காதே என்று விதி சொன்ன பிறகும் அந்தக் கேள்வி ஏன் எங்களைப் பார்த்ததும் வாயில் வந்து நிற்கிறது? அன்றிலிருந்து இது என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

ஈடு என்றால் அடமானம். பறிகொடுத்ததற்குப் பதிலாகத் தரப்படுவதும் ஈடுதான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. வேறு சாதியார் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, நிலப் பத்திரம் கொண்டா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ஈடு தர வேண்டியவர்கள் எங்களிடம் ஈடு கேட்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மண்டிகளில் கையெழுத்தே இல்லாமல் லட்சக்கணக்கில் சரக்கு போகும். “அவரு நம்மாளு, எங்க ஓடிடப் போறாரு” என்ற ஒரு வார்த்தை போதும். மாமன், மச்சான், பங்காளி என்று அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே ஜாமீனாக நிற்கிறது. அவருக்கு அவர் சாதியே ஈடு. எங்களுக்கும் சாதி இருக்கிறது, கடன் மறுக்க. சந்தைக்குச் சாதி தெரியாது என்பவர்கள் ஒரு நாள் அங்கே வந்து நிற்கட்டும்.

திட்டங்களே இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கின்றன. ஒன்றிய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைத் தலித், பழங்குடியினரின் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012இல் வந்த கொள்கை. பல ஆண்டுகள் அது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. காரணம் அந்த ஆணைக்குள்ளேயே இருக்கிறது. டெண்டருக்குத் தகுதியான தலித் நிறுவனம் கிடைக்காவிட்டால் அந்தப் பங்கை மற்ற சிறு தொழில்களிடம் வாங்கி ஈடுகட்டிக்கொள்ளலாம். கதவைத் திறந்துவிட்டு, வரவில்லையே என்று வேறு ஆளை உட்கார வைக்கும் ஏற்பாடு.

2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரச் சொன்னது. 6 லட்சம் கேட்ட அண்ணனைப் போன்றவர்களுக்கு அதில் இடமே இல்லை. 2025 மார்ச்சோடு அதன் காலமும் முடிந்தது. 2025 ஏப்ரல் முதல், 2.5 கோடி வரை முதலீடும் 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ள தொழில் ‘குறுந்தொழில்’. தெருவோரம் செருப்புத் தைக்கும் பெரியவரும் 10 கோடிக்கு வியாபாரம் செய்பவரும் கணக்கில் ஒரே வரிசை. அந்த வரிசையில் யார் முன்னால் நிற்பார்?

தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் மேலானது. 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் கடன் தர வேண்டியது வங்கிதான். அந்த மேஜை, அந்த விரல், அந்தக் கேள்வி.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: “நாலு தலித் முதலாளி வந்துட்டா விடுதலை ஆயிடுமா?” இதற்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். அண்ணியின் நகையை விற்று, கந்து வட்டிக்கு வாங்கி, அண்ணன் யூனிட் போட்டுவிட்டார். எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் வேலைக்கு வந்தார்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனி நாலு மாசம் பணம் தரவில்லை. 45 நாளுக்கு மேல் போனால் கூட்டு வட்டியோடு தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆர்டர் தரும் ஒரே கம்பெனி மேல் யார் புகார் கொடுப்பார்? அண்ணனும் அந்தப் பெண்களுக்குக் கூலியை நிறுத்தி வைத்தார். சின்னம்மா வந்து வாசலில் நின்றாள். “வேற எவனா இருந்தா கத்தி வாங்கிடுவேன். நீ எம் புள்ள. உங்கிட்ட எப்பிடிடா கேக்கறது?”

அண்ணன் தலை குனிந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உறவும் சாதியும் மண்டிக்காரருக்குக் கடன் வாங்கித் தருகின்றன. சின்னம்மாவிடம் அதே உறவு, கூலி கேட்கும் வாயை அடைத்துவிட்டது. மேலே இருந்து ஏமாற்றப்பட்டவன் கீழே ஏமாற்ற உரிமை பெற்றுவிடுவானா? மாட்டான். அதற்காக, தலித் முதலாளி ஆகவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதை நாங்கள் தொடங்கும்போது மட்டும் ஒழுக்கப் பரீட்சை வைப்பதும் சாதிதான்.

ஆகவே ஒரு தொழில் கொள்கையை எத்தனை கோடி வழங்கினோம் என்ற விளம்பரத்தை வைத்து மதிப்பிட வேண்டாம். மூன்று கேள்வி கேட்போம். மறுத்த வங்கி எழுத்தில் காரணம் சொன்னதா? வாங்கிய சரக்குக்குப் பெரிய கம்பெனி நாள் தவறாமல் பணம் தந்ததா? கடைசி மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் கூலியைக் கூசாமல் கேட்க முடிந்ததா?

அடுத்த மாசம் அண்ணன் இன்னொரு வட்டிக்கு வாங்கி, சின்னம்மாவின் பாக்கியை முதலில் தீர்த்தார். அவள் அண்ணன் முன்னாலேயே எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். அது எனக்குப் பிடித்திருந்தது.