கொடுக்கும் மேடையும் பெறும் கையும்

கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் நம் பங்குகள் பலவற்றில் ஒரு பரபரப்பு காணப்படும். ஏழை மாணவர் கல்வி நிதிக்காகக் கலைநிகழ்ச்சி, பரிசுச்சீட்டுக் குலுக்கல், உணவுக் கடைகள், ஏலம், விளம்பரங்கள் நிறைந்த சிறப்பு மலர் என ஏற்பாடுகள் நடைபெறும். இளையோர் சீட்டுக் கட்டுகளோடு வீடு வீடாக ஏறி இறங்குவர். அன்பியத்துப் பெண்கள் முறுக்கும் அதிரசமும் சுட்டு அடுக்குவர். விழா மாலையில் பெருங்கொடையாளர்க்குப் பொன்னாடை போர்த்தப்படும். நிறைவாக, உதவி பெறும் பிள்ளைகள் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, குறிப்பேடுகளும் சீருடைத் துணியும் பெற்று, நிழற்படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவர். நிதி சேர்ந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆயினும் ஒரு நற்செயலின் பயனை மட்டுமன்றி, அது செய்யப்படும் முறையையும் எடைபோடுவது கிறிஸ்தவ மனச்சான்றின் கடமையன்றோ?

இத்தகைய விழாக்களைப் பற்றி முதலில் எழும் குறை, அவற்றில் உள்ள மகிழ்ச்சியைப் பற்றியது. பிரியாணிப் பொட்டலத்துக்கும் குலுக்கலில் விழக்கூடிய பரிசுக்கும் கொடுத்த பணம் எப்படி அறமாகும், அது வாணிகம் அல்லவா என்று சிலர் கேட்கின்றனர். இக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஈகை கசப்பாக இருந்தால்தான் தூயது என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், முகமலர்ச்சியோடு கொடுப்பவரே கடவுளின் அன்புக்கு உரியவர் என்கிறார். கூடி உண்பதும் ஆடிப் பாடுவதும் ஒரு பங்கை ஒரே குடும்பமாக்கும் செயல்கள். எனவே மகிழ்ச்சி குற்றமன்று. மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலையை முழுவதும் ஈகைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அத்தோடு நம் கடன் தீர்ந்தது என்று அமைந்துவிடுவதே குற்றம்.

இரண்டாவது குறை பெயரைப் பற்றியது. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பது ஆண்டவரின் மலைப்பொழிவுப் போதனை. அதே மலைப்பொழிவில், நம் நற்செயல்களைக் கண்டு மக்கள் விண்ணகத் தந்தையைப் போற்றும்படி நம் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்றும் அவர் கூறியுள்ளார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. நம் செயலைக் கண்டவர்கள் யாரைப் புகழ்ந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள் என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. 1833-இல் பாரிசு நகரில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, தன் கூட்டங்களில் இரகசியக் காணிக்கை எடுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. பையினுள் நுழையும் கை நிறைந்து சென்றதா, வெறுமையாகச் சென்றதா என்பதை அடுத்திருப்பவரும் அறியார். மிகுதியாகக் கொடுப்பவர் செருக்குறவும், கொடுக்க இயலாதவர் நாணவும் அங்கே இடமில்லை.

இவ்விரண்டினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. அது பெறுபவரைப் பற்றியது.

மேடைக்கு அழைக்கப்படும் அந்தப் பிள்ளைக்கு வயது பத்தோ பன்னிரண்டோ இருக்கும். அதனோடு மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருப்பவர்களும், ஒரே தெருவில் விளையாடுபவர்களும் கீழே பார்வையாளராக இருக்கின்றனர். அதன் தந்தையும் தாயும் அங்கேதான் இருக்கின்றனர். தன் குடும்பத்தின் வறுமை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதற்கு அப்பிள்ளை இசைவு தரவில்லை, யாரும் அதனிடம் கேட்கவுமில்லை. குறிப்பேட்டுக்கு விலை வாங்காத நாம், அதன் நாணத்தை விலையாகப் பெற்றுக்கொள்கிறோம். தன் இல்லாமையை ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் முன்பே அவனுக்குக் கொடுப்பதை நற்குடிப் பண்பாக வைத்துப் போற்றுகிறது வள்ளுவரின் ஈகை அதிகாரம். சொல்லும் முன்பே கொடுக்க வேண்டிய நாமோ, கொடுத்த பின்னும் ஊரறியச் சொல்லவைக்கிறோம்.

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் போடுவதைக் கவனிக்கிறார். அப்பெண் இரு காசுகள் போடுவதைக் கண்டபோது அவர் அவளைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தவில்லை. சீடரைத் தம்மிடம் வரவழைத்து அவர்களிடம் மட்டுமே பேசுகிறார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசப்பட்டது என்பதை அவள் அறிந்ததாக நற்செய்தியில் குறிப்பில்லை. இதற்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிக்கொண்டு முதன்மை இருக்கைகளை நாடுவோரை அவர் கடிந்துரைத்தார் என்பதையும் மறவாதிருப்போம்.

'கொடுத்தல்' என்று நாம் சொல்வதே சரிதானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றி 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட விதித்தொகுப்பு, நீதியின்படி கொடுத்தாக வேண்டியதை அன்பின் கொடையெனக் காட்டிக் கொடுத்தலாகாது என்று எச்சரிக்கிறது. அதே ஆண்டு வெளியான கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கல்வி பெறுவது எல்லா மனிதர்க்கும் உள்ள உரிமை என்று கூறி, கத்தோலிக்கப் பள்ளிகள் வறியோர்பால் தனி அக்கறை கொள்ளவும் பணிக்கிறது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கவும் அது வழிசெய்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிய சட்ட விவாதம் எவ்வாறு முடிந்தாலும் முடியட்டும். சட்டம் தந்த விலக்கை நற்செய்தி நமக்குத் தரவில்லை. நம் பள்ளியின் சேர்க்கை நாளில் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு, நம் பங்கு மண்டபத்தில் குறிப்பேடு வழங்குவது எவ்வகையில் ஈகையாகும்?

தமிழ் மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. முதலமைச்சர் காமராசர் காலத்தில், 1956-இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டபோது அது ஊராரின் நன்கொடையையே பெரிதும் நம்பியிருந்தது. பின்னர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் மேடையேறித் தம் ஊர்ப் பள்ளிக்கு நாற்காலியும் கரும்பலகையும் கட்டடமும் அளித்தனர். அங்கும் விழா இருந்தது, பெயர் அறிவிப்பும் இருந்தது. ஆனால் கொடை பள்ளிக்குச் சென்றது. உணவு வரிசையில் பிள்ளைகள் அருகருகே அமர்ந்தனர். சீருடை அணிந்தபின் எவன் வீட்டில் எத்தனை சட்டை என்பது எவர்க்கும் தெரியாமற்போயிற்று. மேடையில் நின்றவர்கள் கொடுத்தவர்களே. பெற்றவர்களை எவரும் மேடையேற்றவில்லை.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரம் 23-ஆவதாக வருகிறது. அதற்கு முன்னே, 22-ஆவதாக, ஒப்புரவறிதல் நிற்கிறது. கொடுப்பதற்கு முன் அறியவேண்டியது ஒப்புரவு. ஊருணியில் நீர் நிறைவதும், ஊர் நடுவே பயன்மரம் பழுப்பதும் அவ்வதிகாரத்தின் உவமைகள். ஊருணிக்குச் செல்பவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தாகம் உள்ளவர் செல்கிறார், மொள்கிறார், திரும்புகிறார். கத்தோலிக்கத் தமிழரான நாம் இந்த ஒப்புரவு என்னும் சொல்லையே பாவமன்னிப்பின் அருளடையாளத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம். பிரிந்தவர் மீண்டும் ஒன்றாவதும், உள்ளவரும் இல்லாதவரும் ஒத்து வாழ்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதை நாம் தற்செயல் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எருசலேம் இறைமக்களுக்காக நிதி திரட்டிய பவுலும் இதையே நாடினார். ஒருவரை வருத்தி மற்றவரைச் சுகப்படுத்துவது தம் நோக்கமன்று, எல்லாரிடையேயும் சமநிலை ஏற்படவேண்டும் என்பதே நோக்கம் என்று எழுதினார். கொடிய வறுமையில் இருந்த மாசிதோனியச் சபையார், தங்களையும் அப்பணியில் சேர்த்துக்கொள்ளும்படி மன்றாடிக் கேட்டதாகவும் குறிப்பிட்டார். ஏழைகளைப் பெறுபவர்களாக மட்டும் காணும் நம் விழாக்களுக்கு இது பெரும் பாடம். நம் பங்குகளில் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்ததே, அதில் குடிசை வீட்டுப் பிடிக்கும் மாடி வீட்டுப் பிடிக்கும் வேறுபாடு ஏது?

ஆகவே விழாக்களை நிறுத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று. மாற்ற வேண்டியவை சிலவே. மேடைக்கு வரவேண்டியது கணக்கு. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இத்தனை பிள்ளைகள் பயன்பெற்றனர் என்று திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படட்டும். நிதியைத் தனியே கையாளாமல், எவரும் குறைகூறாதபடி உடன் ஆள் சேர்த்தே அனுப்பிய பவுலின் கவனம் நமக்கும் வேண்டும். பிள்ளைகளின் பெயர்கள் பங்குத்தந்தையும் குழுவில் இருவரும் அறிந்தால் போதும். கட்டணம் பள்ளிக்கு நேரே செல்லட்டும். உதவி பெறும் குடும்பங்களும் விழாவில் தங்கள் உழைப்பைக் கொடுக்க அழைக்கப்படட்டும். அடுப்படியில் அதிரசம் சுடும் தாயும் கொடையாளியே. சட்டத்தின் உரிமை 14 வயதோடு நின்றுவிடுவதால், பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பு நின்றுவிடக்கூடிய பிள்ளைகளுக்கு நிதியில் முதலிடம் கிடைக்கட்டும்.

இப்படிச் செய்தால் நிழற்படத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தெரியாத ஒரு மாலையில், பிள்ளைகள் எல்லாரும் கலந்து ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியைத் தந்தையாம் கடவுள் காண்கிறார். நமக்கு அது போதும்.